திண்டிவனத்துப் பள்ளி முதல் நந்தனார் கல்விக் கழகம் வரை

மன்னர்களின் வரலாறு கல்வெட்டிலும் செப்பேட்டிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. நிலவுடையோரின் வரலாறு பட்டாவிலும் பத்திரத்திலும் பதிவாகியிருக்கிறது. இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வரி நீக்கிய நிலங்களின் வரிசையில் வருகின்றன. அங்கே வாழ்ந்த மனிதர்களின் பெயர்கள் வரவில்லை. நம் முன்னோரின் பெயர்கள் முதன்முதலாக எழுத்தில் ஏறிய இடங்களுள் ஒன்று பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு. அந்தப் பதிவேட்டில் ஒரு பெயர் ஏறுவதற்கு எத்தனை கதவுகளைத் தட்ட வேண்டியிருந்தது என்பதே நம் கல்வி வரலாறு.

கழகத்தின் வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், பெற்ற வெற்றிகளைப் பட்டியலிட்டு மகிழ்வது இயல்பே. ஆயினும் இளைஞர்களுக்குப் பயன்படக்கூடியது பட்டியலன்று, படிப்பினையே. ஆதலால் மூன்று கேள்விகளை முன்வைத்து இக்கட்டுரை அமைகிறது. நமக்குக் கல்வியை அளித்தவர் யார்? எந்த நிபந்தனையோடு அளித்தார்? கற்றவர் கற்ற பின்னர் எங்கே சென்றார்? இம்மூன்றுக்கும் விடை தேடப் புகுந்தால், திண்டிவனத்துப் பள்ளி ஒன்றிலிருந்து வெளியேறிய ஒரு சிறுவனின் வாழ்க்கை நமக்கு வழிகாட்டுகிறது.

அடைத்த கதவு

திண்டிவனம், விழுப்புரம் ஆகிய இரு வட்டங்களும் அந்நாளில் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. விழுப்புரம் தனி மாவட்டமானது 1993ஆம் ஆண்டில்தான். வடக்கே ஒட்டிக் கிடந்தது செங்கற்பட்டு மாவட்டம். அம்மாவட்டத்தின் ஆட்சியராயிருந்த திரமென்ஹீர் என்னும் ஆங்கிலேயர், 1891ஆம் ஆண்டில் நம் மக்களின் நிலை குறித்து ஓர் அறிக்கையை அரசுக்கு அளித்தார். குடியிருக்கும் மனைகூட மிராசுதாரருக்கு உரியதாயிருந்ததையும், வாய் திறந்தால் குடிசையைவிட்டு வெளியேற்றப்படும் அச்சம் நிலவியதையும், நிலம் கேட்டு மனுச் செய்தவர்கள் தடுக்கப்பட்டதையும் அவ்வறிக்கை வெளிக்கொணர்ந்தது. அதன் பயனாக 1892ஆம் ஆண்டில் பிறந்த ஆணையின்படி வழங்கப்பட்டவையே பிற்காலத்தில் பஞ்சமி நிலங்கள் எனப் பெயர் பெற்றன. 

மறு ஆண்டு, அதாவது 1893ஆம் ஆண்டில், கல்வி குறித்த அரசாணை ஒன்று பிறந்தது. நம் பிள்ளைகளுக்குரிய பள்ளிகளுக்குக் கூடுதல் மானியம், ஆசிரியப் பயிற்சி பெற முன்வருவோருக்கு உதவித்தொகை ஆகியவற்றை அது வகுத்தது. ஒடுக்கப்பட்டோர் கல்வியின் உரிமைச் சாசனம் என்று அதனைப் பலர் புகழ்ந்தனர். ஆனால் ஆணை வேறு, நடைமுறை வேறு. 1919ஆம் ஆண்டளவில் சென்னை மாகாணத்தில் பொது நிருவாகத்தின்கீழ் இருந்த 8,157 பள்ளிகளுள் நம் பிள்ளைகள் சேர்க்கப்பட்டவை 609 மட்டுமே. ஆணை பிறந்து ஒரு தலைமுறை கழிந்த பின்னரும் 100க்கு 92 பள்ளிகள் அடைத்தே கிடந்தன என்பது இதன் பொருள்.

ஏன் அடைத்துக் கிடந்தன? பள்ளிக்கூடம் ஊர்த் தெருவில் இருந்தது. கோயில் மண்டபத்திலோ, தனியார் திண்ணையிலோ நடந்தது. அத்தெருவில் நம் பிள்ளைகள் நடக்கவே கூடாது என்ற நிலையில், பள்ளியில் அமர்வது எங்ஙனம்? இது ஒரு காரணம். இதனினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. படியாளின் மகன் 6 வயதில் மாடு மேய்க்கவும், 12 வயதில் ஏர் பிடிக்கவும் வேண்டியவனாயிருந்தான். அவன் எழுத்தறிந்தால் கடன் பத்திரத்தில் எழுதியிருப்பது இன்னதென்று அறிவான். கைரேகை வைக்கத் தயங்குவான். பள்ளிக்கு எதிர்ப்பு எழுந்தது தீட்டின் பெயரால். ஆனால் அதன் வேர் கூலியிலும் கடனிலும் இருந்தது. இதனை இளைஞர்கள் மறத்தலாகாது.

கண்ணுக்குப் புலப்படாத கதவு

பள்ளிக்குள் நுழைந்தவரின் நிலையும் எளிதாயிருக்கவில்லை. திண்டிவனத்துக்கு அண்மையிலுள்ள மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் கோயமுத்தூரில் படித்தார். ஏறத்தாழ 400 மாணவர் பயின்ற அக்கல்விச்சாலையில் பத்துப் பேர் தவிர ஏனையோர் பிராமணர் என்று தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் அவர் குறிப்பிடுகிறார். தம் குலம் வெளிப்பட்டுவிடுமோ என்னும் அச்சத்தால் அவர் எவரோடும் பழகவில்லை, விளையாடவில்லை. பள்ளிக்கு வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பின்னரே வகுப்புக்குள் செல்வாராம். 

மணி அடிக்கும் வரை வெளியே காத்திருந்த அந்த மாணவர்தாம் 1893ஆம் ஆண்டில் ‘பறையன்’ என்று பெயரிட்டே ஓர் இதழைத் தொடங்கினார். எந்தப் பெயரை மறைக்கப் பள்ளிப் பருவம் முழுவதும் பாடுபட்டாரோ, அதே பெயரை அச்சில் ஏற்றி ஊரறியச் செய்தார். கல்வி ஒருவருக்குள் உண்டாக்கக்கூடிய மாற்றத்துக்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

அதே காலத்தில் சென்னையில் அயோத்திதாச பண்டிதர் அவர்களும் கர்னல் ஆல்காட்டும் இணைந்து ஆற்றிய பணியும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1894ஆம் ஆண்டில் அடையாற்றில் ஆல்காட் தொடங்கிய இலவசப் பள்ளி, நம் பிள்ளைகளுக்காகவே திறக்கப்பட்டது. பண்டிதர் 1907ஆம் ஆண்டில் தொடங்கிய வார இதழ், பள்ளிக்குச் செல்ல இயலாத வளர்ந்தோருக்கும் ஒரு பள்ளியாக விளங்கிற்று. எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் சூழ அமர்ந்து கேட்கும் வழக்கம் அந்நாளில் பரவியிருந்தது. ஓர் இதழை வாங்குவோர் ஒருவராயினும் கேட்போர் பலராயினர்.

திண்டிவனத்தில் பயின்ற சிறுவன்

அமெரிக்க ஆற்காட்டு மிஷன் 1853ஆம் ஆண்டில் அமைந்தது. ஸ்கடர் குடும்பத்தார் முன்னின்று வளர்த்த அம்மிஷனின் நிலையங்களுள் திண்டிவனமும் ஒன்று. ஊர்ப் பள்ளிகள் அடைத்துக் கிடந்த காலத்தில், மிஷன் பள்ளிகளே நம் மக்களுக்குத் திறந்திருந்தன. அந்நன்றியை மறப்பது நன்றன்று.

ஆரணிக்கு அருகிலுள்ள மேல்புதுப்பாக்கத்தில் 1890ஆம் ஆண்டு சனவரி 27ஆம் நாள் பிறந்த முனுசாமி என்னும் சிறுவன், திண்டிவனத்தில் மிஷன் பள்ளியில் சேர்ந்து பயின்றான். கூரிய அறிவுடையவனாதலால் ஆசிரியர்களின் அன்பைப் பெற்றான். சிகாமணி என்று பெயரும் பெற்றான். ஆனால் சமயம் மாற வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வந்தபோது, அவன் அதற்கு இணங்கவில்லை. படிப்பு அத்துடன் நின்றது. பள்ளியைவிட்டு வெளியேறிய அச்சிறுவனே பின்னாளில் சுவாமி சகசானந்தர் ஆனார்.

இந்நிகழ்ச்சியைக் கொண்டு எவரையும் பழிப்பது நம் நோக்கமன்று. கிறித்துவத்தைத் தழுவிக் கல்வி பெற்று உயர்ந்த நம்மவர் பல்லாயிரவர். அவர்களும் நம் உறவினரே. இங்கு நாம் காணவேண்டியது வேறு. பிறர் அளிக்கும் கல்வி, எத்துணை அன்போடு அளிக்கப்பட்டாலும், அளிப்பவரின் நோக்கத்தையும் உடன் சுமந்து வரும். அரசு அளித்தால் அரசின் நோக்கம். மிஷன் அளித்தால் மிஷனின் நோக்கம். செல்வர் அளித்தால் செல்வரின் நோக்கம். நம் நோக்கம் எங்கே நிற்கும்? இக்கேள்வியே அச்சிறுவனின் பிற்கால வாழ்வு முழுவதையும் நடத்திற்று எனலாம்.

தங்கவயலும் ஆலையும்

பள்ளியைவிட்டு வந்த முனுசாமியின் குடும்பம் பிழைப்புத் தேடிச் சென்ற இடம் கோலார் தங்கவயல். இது ஒரு குடும்பத்தின் கதையன்று. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் குழுமம் அங்குச் சுரங்கத் தொழிலைத் தொடங்கிய பின்னர், வடார்க்காடு, தென்னார்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து நம் மக்கள் திரள்திரளாகச் சென்றனர். நிலத்துக்கு அடியில் உயிரைப் பணயம் வைத்து உழைக்க வேண்டியிருந்தது. பாறை வெடித்து மாண்டவரும், தூசியால் நெஞ்சு நைந்தவரும் எண்ணிலர். ஆயினும் அங்கே மாதம் பிறந்தால் கூலி காசாகக் கைக்கு வந்தது. தெருவில் நடக்க எவரையும் கேட்க வேண்டியதில்லை. கிராமத்தில் கிடைக்காத இவ்விரண்டும் சுரங்கத்தில் கிடைத்தன.

காசும் நடமாட்டமும் கிடைத்த இடத்தில் சங்கமும் இதழும் பள்ளியும் முளைத்தன. மாரிக்குப்பத்தில் பண்டிதர் வழிநின்ற பௌத்த சங்கம் தோன்றிற்று. 1930ஆம் ஆண்டில் தொழிலாளர் அனைவரும் கைரேகை பதிய வேண்டும் என்று நிருவாகம் விதித்தபோது, குற்றவாளிகளைப் போல் தம்மை நடத்துவதாகக் கருதிய தொழிலாளர் ஒருங்கே வேலையை நிறுத்தினர். நிலச்சுவான்தாரின் பத்திரத்தில் வாய் பேசாது ரேகை வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள், சுரங்கத்தில் அதற்கு மறுப்புத் தெரிவித்தனர். ஒரு நூற்றாண்டுக்கு மேல் இயங்கிய அச்சுரங்கம் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டுவிட்டது. அது வளர்த்த தன்மான உணர்ச்சி மறையவில்லை.

பணியிடம் கற்பித்த பாடங்கள் எல்லாம் இனிமையானவை அல்ல. 1921ஆம் ஆண்டில் சென்னைப் பின்னி ஆலைகளில் நடந்த வேலைநிறுத்தத்தில், தொழிலாளர் சாதியால் பிளவுபட்டனர். ஆதிதிராவிடத் தொழிலாளருள் பலர், திங்கள் கணக்கில் கூலியின்றி இருக்க இயலாது வேலைக்குத் திரும்பினர், புளியந்தோப்பில் கலகம் மூண்டது, குடிசைகள் எரிந்தன. எம். சி. ராஜா அவர்கள் நம் மக்களின் பக்கம் நின்று வாதாடினார். தொழிற்சங்கத் தலைவர்கள் வேறுவிதமாகக் கூறினர். யார் சொன்னது சரி என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் ஒன்று தெளிவு. ஒரே தறியில் நின்றவர்கள் ஒரே தெருவில் குடியிருக்கவில்லை. வாழிடத்தில் வேறுபட்டவர்களைப் பணியிடத்துச் சங்கம் மட்டுமே ஒன்றாக்கிவிடாது. ஆலையிலும் அலுவலகத்திலும் பணியாற்றும் நம் இளைஞர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நந்தனார் பெயரால் ஒரு கழகம்

முனுசாமி சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளை அடைந்து, தமிழ் நூல்களையும் தத்துவ நூல்களையும் கற்றுச் சகசானந்தர் என்னும் பெயர் பெற்றார். 1910ஆம் ஆண்டில் சிதம்பரம் சென்றார். நந்தனார் தில்லைக்குச் சென்று தீயில் மூழ்கினார் என்று புராணம் கூறும். சகசானந்தர் அதே தில்லையில் பள்ளி எழுப்ப முனைந்தார். 1916ஆம் ஆண்டில் நந்தனார் கல்விக் கழகம் பிறந்தது; அவ்வாண்டே பள்ளியும் தொடங்கிற்று. பம்பாயில் அண்ணல் அம்பேத்கர் அவர்கள் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவிய 1945ஆம் ஆண்டுக்கு 29 ஆண்டுகள் முன்னர் நடந்தது இது.

கையில் பொருளில்லாத துறவி ஒருவர் சிற்றூர்தோறும் சென்று, நெல்லாகவும் காசாகவும் ஈட்டியதைக் கொண்டு மாணவர்க்கு உணவிட்டார். பள்ளிக்கு அனுப்பினால் மாடு மேய்ப்பது யார் என்று கேட்ட பெற்றோரிடம் வாதாடினார். விடுதியின்றிப் பள்ளி பயன்படாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். வீட்டில் விளக்கில்லாத பிள்ளைக்கு வகுப்பறை பாதிக் கல்வியே ஆகும். மறுபாதி உணவும், விளக்கும், உறங்க ஓர் இடமும் ஆகும். பெண்களின் கல்வியையும் அவர் மறக்கவில்லை. நந்தனார் பெயரில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே அரசு மேல்நிலைப் பள்ளிகள் இன்றும் சிதம்பரத்தில் இயங்குகின்றன.

அமெரிக்க நாட்டில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களுக்காக, புக்கர் வாஷிங்டன் 1881ஆம் ஆண்டில் டஸ்கிகீ என்னும் ஊரில் பள்ளி தொடங்கினார். அங்கு மாணவர்களே செங்கல் அறுத்துச் சூளையிட்டுக் கட்டடம் எழுப்பினர். தம் கையால் எழுப்பியதைத் தம்முடையது என்று உரிமையோடு கூறினர். ஆயின் தொழிற்கல்வியோடு நின்றுவிடலாகாது, உயர்கல்வியும் அரசியல் உரிமையும் வேண்டும் என்று டுபாய்ஸ் என்னும் அறிஞர் 1903ஆம் ஆண்டில் எதிர்வாதம் எழுப்பினார். அவ்விருவரின் வாதத்தையும் ஒருவரே சுமந்தது போல், சகசானந்தர் பள்ளியையும் நடத்தினார், சட்டமன்றத்திலும் அமர்ந்தார். 1926ஆம் ஆண்டில் சட்டமன்றம் புகுந்த அவர், 1952, 1957ஆம் ஆண்டுத் தேர்தல்களில் சிதம்பரத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பெற்று, 1959 மே முதல் நாள் இயற்கை எய்தும் வரை மக்கள் பிரதிநிதியாகவே விளங்கினார்.

அவருடைய வழியை ஏற்காதோரும் நம்முள் உண்டு. பண்டிதர் பௌத்தத்தைக் காட்டினார். இரட்டைமலையார் 1930ஆம் ஆண்டில் அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்து அரசியல் உரிமையைக் கேட்டார். எம். சி. ராஜா 1932ஆம் ஆண்டில் மூஞ்சேயுடன் வேறோர் உடன்படிக்கை கண்டார். சகசானந்தரோ நந்தனாரின் பெயரை முன்வைத்துக் காங்கிரசோடு இணைந்து நின்றார். 1927ஆம் ஆண்டில் காந்தியடிகள் அவருடைய மடத்துக்கு வருகை தந்தார். கோயில் வாயிலில் மாண்ட அடியவரின் பெயர் நமக்கு விடுதலை தருமா என்று கேட்பது தவறாகாது. ஆனால் வழிகள் பலவாயினும் இவர்கள் அனைவரும் ஒன்றில் உடன்பட்டனர்: பள்ளியின்றி எவ்வழியும் இல்லை என்பதே அது.

சட்டம் திறந்ததும் திறவாததும்

1922ஆம் ஆண்டில், எம். சி. ராஜா கொணர்ந்த தீர்மானத்தின் பயனாக, இழிவாக வழங்கிய பெயர்களுக்கு மாற்றாக ஆதிதிராவிடர் என்னும் பெயர் அரசு ஏடுகளில் இடம்பெற்றது. 1924ஆம் ஆண்டில் இரட்டைமலையார் கொணர்ந்த தீர்மானத்தால் பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது அலுவலகம் எவருக்கும் உரியவை என்று அறிவிக்கப்பட்டது. தொழிலாளர் நலத்துறை சேரிகளில் திறந்த பள்ளிகளை நம் பெரியவர்கள் லேபர் ஸ்கூல் என்றே அழைத்தனர். மெட்ரிகுலேசனுக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகை 1944ஆம் ஆண்டில் தொடங்கிற்று. தென்னார்க்காட்டில் பிறந்த இளையபெருமாள் அவர்கள் தலைமையில் 1965ஆம் ஆண்டில் அமைந்த நடுவணரசின் குழு, நாடெங்கும் சுற்றி 1969ஆம் ஆண்டில் அளித்த அறிக்கை, சட்டம் ஏட்டில் இருக்க வழக்கம் தெருவில் ஆட்சி செய்வதை வெளிப்படுத்திற்று.

அக்கூற்று மெய் என்பதை நம் ஊர் இரத்தத்தால் அறிந்தது. 1978ஆம் ஆண்டு சூலைத் திங்களில் விழுப்புரத்தில் மூண்ட வன்முறையில் நம் மக்கள் 12 பேர் கொல்லப்பட்டனர். அப்போது தீண்டாமைக் குற்றச் சட்டம் இயற்றப்பட்டு 23 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊரில் பள்ளிகள் இருந்தன; நீதிமன்றம் இருந்தது; பெரிய ரயில் நிலையம் இருந்தது. இவை இருந்தும் அவர்கள் காக்கப்படவில்லை. கல்வி பரவினால் கொடுமை தானே மறையும் என்று நம்பியிருந்தோருக்கு அந்நிகழ்ச்சி ஒரு பேரிடி. கொன்றவருள்ளும் கொலையைக் கண்டு வாளாவிருந்தவருள்ளும் பள்ளி சென்றோர் இலரா? எத்தகைய கல்வி என்ற கேள்வியை அன்றுதொட்டு நாம் கேட்கக் கற்றோம். முதல் தகவல் அறிக்கையைப் படிக்கவும், சாட்சியம் சொல்லவும், சட்டத்தின் பிரிவை எடுத்துக்காட்டவும் வல்லார் ஒவ்வொரு காலனியிலும் வேண்டும் என்ற எண்ணம் அத்துயரத்தில்தான் உறுதிப்பட்டது.

இன்று எஞ்சியிருப்பது

2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு 73.5 விழுக்காடு, ஆதிதிராவிடருடையது 63.2. பத்தாண்டு கழிந்து 2011ஆம் ஆண்டில் மாநிலம் 80.1ஐ எட்டியது; நாம் 73.3ஐ எட்டினோம். மாநிலம் 2001ஆம் ஆண்டில் நின்ற இடத்துக்கு நாம் 2011ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தோம் என்பதே இவ்வெண்களின் பொருள். இடைவெளி குறைந்துள்ளது, மறையவில்லை. அவ்விடைவெளியின் பெரும்பகுதி நம் பெண்களின் தோளில் இருக்கிறது.

எழுத்தறிவு கூடிய அளவுக்குத் தலைமை கூடியதா? 1996ஆம் ஆண்டு முதல் ஊராட்சிகளில் தனித் தொகுதிகள் வழியே நம்மவர் தலைவர்களாயினர். ஆனால் 2020ஆம் ஆண்டில், கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவி ஒருவர் கூட்டத்தில் தரையில் அமர வைக்கப்பட்டார். ஏனையோர் நாற்காலியில் அமர்ந்திருந்தனர். அந்தப் படத்தை நாடே கண்டது. நந்தனார் கல்விக் கழகம் தோன்றிய சிதம்பரத்துக்கு அண்மையில், அது தோன்றி 104 ஆண்டுகளுக்குப் பின்னர் நிகழ்ந்தது இது. சட்டம் ஒருவரைத் தலைவராக்கலாம். நாற்காலியில் அமர வைப்பது அவருக்குப் பின்னால் நிற்கும் மக்களின் கடமை. பதவி தனியொருவருக்கு வந்து, துணை நிற்கச் சங்கம் இல்லையேல், பதவியே அவருக்குத் தண்டனையாகிவிடும்.

இனி மூன்றாம் கேள்விக்கு வருவோம். கற்றவர் எங்கே சென்றார்? சகசானந்தர் மக்களிடமே திரும்பினார். இரட்டைமலையார் தென்னாப்பிரிக்காவில் பல்லாண்டு பணியாற்றிய பின்னும் திரும்பி வந்து சட்டமன்றத்தில் வாதாடினார். நம்முள் பலர் திரும்பவில்லை. நகரத்தில் வீடு கட்டினோம். பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தோம். அண்டை வீட்டார் ஊர் எதுவென்று கேட்டால் காலனியின் பெயரைச் சொல்லாது பேருந்து நிறுத்தத்தின் பெயரைச் சொன்னோம். இதைக் குற்றமாகக் கூறவில்லை. மணி அடிக்கும் வரை வெளியே காத்திருந்த அதே அச்சம் இன்றும் நம்மைவிட்டு நீங்கவில்லை என்பதற்கு அடையாளமாகவே கூறுகிறோம்.

ஆகவே இளைஞர்களே, இவ்விழா முடிந்து பந்தல் பிரிக்கப்பட்ட பின்னர் செய்ய வேண்டிய சில பணிகளை உங்கள்முன் வைக்கிறோம். உங்கள் காலனியில் முதன்முதலாகப் பள்ளி சென்ற ஆணும் பெண்ணும் யாவர் என்பதை முதியோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் மறைந்தால் அந்த ஏடும் மறையும். எட்டாம் வகுப்போடும் பத்தாம் வகுப்போடும் நின்றுவிட்ட பிள்ளைகளின் பெயரை ஆண்டுதோறும் கணக்கெடுத்து, ஒவ்வொருவரின் வீட்டுக்கும் நேரில் செல்லுங்கள். பணியிலிருப்போர் திங்களில் ஒரு ஞாயிறேனும் மாலை வகுப்புக்கு வந்து கற்பியுங்கள். பணம் அனுப்புவோரை நன்றியோடு ஏற்போம். ஆனால் ஒரு பிள்ளைக்குப் பணத்தைக் காட்டிலும் தேவைப்படுவது, தன் தெருவிலிருந்து சென்று திரும்பி வந்த ஒரு முகம்.

திண்டிவனத்துப் பள்ளியிலிருந்து கண்ணீரோடு வெளியேறியிருக்கக்கூடிய ஒரு சிறுவன், தன்னைப் போன்ற எவரும் அங்ஙனம் வெளியேறலாகாது என்று துணிந்ததால் ஒரு கல்விக் கழகம் பிறந்தது. நம் கழகத்துக்கு 25 ஆண்டுகள் நிறைந்துவிட்டன. பொன்விழாக் காணும் நாளில் இம்மேடையில் நின்று பேசுவோர் இன்று நம் மாலை வகுப்பில் பாயில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளாக இருத்தல் வேண்டும். அதற்கு உரியது செய்வோமாக.